எண்ணை மாற்றுவதா, காட்சியை மாற்றுவதா?

டர்பனில் கட்டடக் கணக்குப் போடும் நம் பிள்ளைகளுக்கு எக்செலில் இரண்டு வழி உண்டு: எண்ணையே ரவுண்ட் செய்வது, அல்லது திரையில் தெரிவதை மட்டும் சுருக்குவது.

இரு முனையிலும் தாங்கிய பீம், நீளம் 6,35 மீட்டர், மீட்டருக்கு 12,46 கிலோநியூட்டன் சுமை (தென்னாப்பிரிக்காவில் தசமத்துக்குக் காற்புள்ளிதான்). படிக்குப் படி மூன்று முக்கிய எண்ணுருக்களுக்கு (முன்னால் வரும் சுழியங்களை விட்டு எண்ணும் இலக்கங்கள்) ரவுண்ட் செய்தால் வளைவுத் திருப்புத்திறன் (சுமை பீமை எவ்வளவு வளைக்க முயல்கிறது என்ற அளவு) 63,0 கிலோநியூட்டன் மீட்டர். முழு எண்ணை வைத்துக் கடைசியில் மட்டும் செய்தால் 62,8. பிழை படிப்படியாகச் சேர்கிறது. அதனால் இடைக்கணக்கில் எண்ணைத் தொடவே கூடாது.

அப்புறம், காட்சி வழியிலும் ஒரு சிக்கல். சாதாரண எண் வடிவத்தில் அது முக்கிய எண்ணுருக்களை அல்ல, தசம இடங்களைத்தான் எண்ணும். இரண்டு இடம் வைத்தால் 0,00457 மீட்டர் தொய்வு 0,00 என்று தெரியும். அறிக்கைக்குப் போகும் கடைசிக் கட்டத்தில் மட்டும், எண்ணின் அளவைப் பார்த்து முக்கிய எண்ணுருக்களை வைக்கும், மடக்கை (log) சேர்த்த ரவுண்ட் சூத்திரத்தைப் போடுங்கள்.