உளியும் சுத்தியலும் எடுத்தால் சைக்கிளைத் திருப்பி வாங்கிவிடுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் சைக்கிளைப் பழுதுபார்க்கிறேன் என்று கெடுத்த கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. வெளியூர்க்காரர்களும் படிக்கலாம். இந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கத்தான் செய்யும்.

என்னுடையது பத்து வயதான மலைச் சைக்கிள், இரும்புச் சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் தாமானிலிருந்து (வீடமைப்புப் பகுதி) கிளம்பி, நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்துக் கோயில்வரை போய் வருவேன். பால்மரம் (ரப்பர்) நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இல்லை, செம்மண் பாதை மட்டும் அப்படியே இருக்கிறது. மழை பெய்தால் அந்தச் சேறு புகாத இடுக்கே கிடையாது. மிதிக்கும்போதெல்லாம் காலடியில் ‘கடக், கடக்’ என்று சத்தம் வர ஆரம்பித்தது. பெடலைத் தாங்கும் கையான கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தேன், ஆடியது. பாட்டம் பிராக்கெட் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. இரண்டு கிராங்குகளையும் இணைக்கும் அச்சும் அதைத் தாங்கும் பேரிங்குகளும் சேர்ந்த உருளை அது. சட்டத்தின் அடியில் உள்ள குழாய்க்குள் மரையில் முறுக்கிப் பொருத்தியிருப்பார்கள்.

பட்டணத்தில் உள்ள கடைக்குக் கொண்டுபோனேன். “புதிய சீல் பாட்டம் பிராக்கெட், 95 வெள்ளி (ரிங்கிட்), மதியம் வாருங்கள் அண்ணே” என்றார். விலை நியாயமாகவே பட்டது. பக்கத்துக் கடையில் பசியாறிவிட்டு, கைப்பேசியை மறந்துவிட்டேன் என்று அரை மணி நேரத்தில் திரும்பினேன். சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. கடைக்காரர் அந்த உருளையின் வலப்பக்க விளிம்பில் உளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். “இறுகிப் போயிருக்கிறது” என்றார். எனக்கு என்ன தெரியும்? “பார்த்துச் செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இறுகிப் போனதற்குக் காரணம் அவர்தான். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சைக்கிள்களில் இந்தக் குழாய்க்கு ஆங்கிலேய அளவு மரை. இடப்பக்கம் வழக்கமான மரை, இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். வலப்பக்கம், அதாவது சங்கிலி ஓடும் பக்கம், நேர் எதிர்: வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். மிதிக்க மிதிக்க வலப்பக்கக் கிண்ணம் (உருளையைக் குழாயில் பிடித்திருக்கும் மரையுள்ள விளிம்பு) தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். சில பழைய இத்தாலியச் சட்டங்களில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரை. பெடலில் கதை வேறு, அங்கே இடது பெடலுக்குத்தான் எதிர் மரை. பெடல் பழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் இவர் வலப்பக்கத்தை இடஞ்சுழியாக அடித்திருக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் அது இன்னும் இறுகியதே தவிர அசையவில்லை.

சுத்தியலைப் பற்றி ஒரு வார்த்தை. என் அப்பா பால் வாளி கட்டிப் போன சைக்கிளில் கிராங்கைக் கோட்டர் பின் என்ற குறுக்கு ஆணி பிடித்திருந்தது. அதைத் தட்டித்தான் எடுப்பார்கள், யாரும் குறை சொன்னதில்லை. அந்தக் கைப்பழக்கத்தை இப்போதைய சதுர முனை அச்சில் காட்டினால் அலுமினியக் கிராங்கு தாங்குமா?

மதியம் சைக்கிளை எடுத்தபோது சத்தம் இல்லை. ரசீது கேட்டேன். ‘செர்விஸ் – 95’ என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்தார். எந்தப் பொருள், என்ன அளவு, ஒன்றும் இல்லை. சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும்போது உராய்வதைச் சொன்னேன். “சங்கிலிக்கு எண்ணெய் போடுங்கள் அண்ணே, சரியாகிவிடும்” என்றார். போட்டேன்.

மூன்றாவது வாரம் கோயிலிலிருந்து திரும்பும் வழியில், செம்பனைக்குலை லாரிக்கு ஒதுங்கி, எழுந்து நின்று மிதித்தேன். இடது கிராங்கு பெடலோடு சேர்ந்து காலுடன் வந்துவிட்டது. லாரி போன பிறகுதான் விழுந்தேன் என்பது முருகன் புண்ணியம். முழங்காலில் ஆறு தையல்.

பிறகு ஈப்போவில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தியதுதான். வலது கிராங்கின் போல்ட்டைக் கழற்றினார். கிராங்க் புல்லரை, அதாவது கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவியை, கிராங்கின் மரையில் கையாலேயே கடைசிவரை ஏற்றினார். பாதி ஏற்றிவிட்டு இழுத்தால் மரை பிய்ந்துவிடும் என்றார். நடுத்தண்டைத் திருப்பியதும், ஓர் அடிகூட இல்லாமல், கிராங்கு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அடுத்து இருபது பல் கொண்ட சாக்கெட்டைக் கிண்ணத்துக்குள் பொருத்தி, நீண்ட ஸ்பானரைப் போட்டு, வலஞ்சுழியாகத் திருப்பினார்.

வெளியே வந்ததைப் பார்த்து இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. மரை முழுவதும் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப். நான்கைந்து சுற்று இருக்கும். சட்டத்தின் மரை பிய்ந்து, இரும்புத் தூள் டேப்போடு பசையாக ஒட்டியிருந்தது. கிண்ணத்தின் உட்பற்கள் வழிந்து மழுங்கியிருந்தன, வேறு யாருடைய சைக்கிளிலிருந்தோ கழற்றிய பழைய உருப்படி. உருளையின் உடலில் அச்சு நீளம் 122.5 மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தது. என் சைக்கிளுக்கு வேண்டியது 113. கூடுதல் நீளத்தை இரண்டு பக்கமும் பிரித்தால் பல்சக்கரம் கிட்டத்தட்ட ஐந்து மில்லிமீட்டர் வெளியே தள்ளி நின்றிருக்கிறது. எண்ணெய்க்கும் அந்த உராய்வுக்கும் சம்பந்தமே இல்லை. இடது கிராங்கின் போல்ட்டை முறையாக முறுக்காததால் அது ஆடி ஆடி, சதுரத் துளை ஏறக்குறைய வட்டமாகியிருந்தது.

நல்லவேளை, மரை முழுவதும் சாகவில்லை. பெரியவர் மரைவெட்டியை மெதுவாக ஓட்டிச் சரிசெய்து, கிரீஸ் தடவி, என் கண் முன்னால் பெட்டியைப் பிரித்துப் புதிய 113 உருளையை முதல் சில சுற்றுகள் விரலாலேயே ஏற்றினார். விரலால் ஏறாவிட்டால் கோணலாகப் போகிறது, உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார். இடது கிராங்கு புதிது. எல்லாம் சேர்த்து 155 வெள்ளி, ஒவ்வொன்றும் தனி வரியில்.

ஆகவே சைக்கிளைக் கொடுக்கும் முன்பு, “கிராங்க் புல்லரும் பல் சாக்கெட்டும் இருக்கின்றனவா, காட்டுங்கள்” என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற கடை வேண்டாம். கழற்றிய பழைய உருப்படியைக் கட்டாயம் திருப்பி வாங்குங்கள். நான் வாங்கவில்லை, அவரும் தரவில்லை. அது இப்போது யாருடைய சைக்கிளில் ‘புதியதாக’ ஓடுகிறதோ?

நான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்துவிட்டேன். முதலாம் படிவம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. டேப் சுற்றிய உருளை மைலோ டின்னில் பத்திரமாக இருக்கிறது. படிவத்தின் நகலை நானே கடைக்குப் போய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் நிதானமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

“சங்கிலிக்கு எண்ணெய் போட்டீர்களா, அண்ணே?”