குளிக்க வெந்நீர்: பாய்லரா, கீசரா, கேஸா, சோலாரா?

திருநெல்வேலிச் சீமையில் வீட்டைச் சூடாக்க யாரும் அடுப்பு வாங்குவதில்லை. மாஞ்சோலை போன்ற மலைப்பகுதியை விட்டால் அதற்குத் தேவையும் இல்லை. இங்கே கவலையெல்லாம் மார்கழி விடியலில் குளிக்கிற தண்ணீரைப் பற்றித்தான். புறவாசலில் செம்பு பாய்லர், குளியலறையில் கீசர், மொட்டைமாடியில் சோலார் என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றைப் பற்றியும் ஊரில் உலவுகிற பேச்சில் பாதி தவறு.

முதலில் கணக்கு. விடியற்காலையில் மாடித்தொட்டித் தண்ணீர் 27 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். இதமாகக் குளிக்க 40 டிகிரி போதும். 20 லிட்டர் வாளி ஒன்றை அந்த 13 டிகிரி ஏற்றுவதற்கு வேண்டிய சூடு 0.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எதை வைத்துச் சுட்டாலும் தண்ணீர் கேட்பது அவ்வளவுதான். எவ்வளவு வீணாகிறது, எவ்வளவு ஆபத்து, உப்புத்தண்ணியை எத்தனை வருஷம் தாங்கும் என்பதில்தான் வித்தியாசம்.

எங்கள் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறோம். திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை போன்ற இடங்களில் மூன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்குச் சின்ன இன்ஸ்டன்ட் கீசர் போதும். தோப்பும் மட்டையும் சொந்தமாக உள்ள வீட்டில் பாய்லரை எதுவும் மிஞ்சாது. கேஸ் கீசரை வெளிச்சுவரில் மாட்ட முடியுமானால் மட்டும் வாங்கலாம். சோலார் ஹாஸ்டலுக்கும் பெரிய கூட்டுக்குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும். மற்றவர்களுக்கு யோசித்துச் செய்யவேண்டிய காரியம்.

விறகு

மூன்று கல் கூட்டி அண்டாவை ஏற்றினால், விறகின் சூட்டில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் தண்ணீரில் சேரும். ஒரு வாளிக்கு அரைக் கிலோவுக்கு மேல் காய்ந்த விறகு போகும். செம்பு பாய்லரில் நெருப்பு நடுக்குழாய்க்குள் எரிகிறது, தண்ணீர் அதைச் சுற்றி நிற்கிறது. அதனால் ஏறக்குறைய பாதி விறகில் வேலை முடியும். ஆனால் கொழுந்து மேல்வாய் வழியாக எட்டிப்பார்க்கிற அளவுக்குத் திணித்தால் இந்த லாபம் போய்விடும். வெளியே தெரிகிற கொழுந்து வானத்தைச் சூடாக்குகிற கொழுந்து. குழாயில் மூன்றில் ஒரு பங்கு விறகு, அடியில் சாம்பல் வாய் திறந்திருக்க வேண்டும், அவ்வளவே. கரி படிந்த குழாயும் சூட்டைத் தடுக்கும், வாரம் ஒருமுறை பழைய விளக்குமாற்றை விட்டுத் தட்டுங்கள்.

"பச்சை வெறகுதான் நின்னு எரியும்" என்பது பெரியவர்கள் வாக்கு. நின்று எரிவது உண்மைதான், சூடு வராது. பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். அதை ஆவியாக்கப் போகிற சூடுகூடப் பெரிய நஷ்டமில்லை. நெருப்பு குளிர்ந்துபோவதால் விறகிலிருந்து கிளம்புகிற வாயு எரியாமல் புகையாக வெளியேறுகிறதே, அங்கேதான் நஷ்டம். கண்ணைக் கரிக்கிற புகை என்பது எரியாமல் போன விறகு. அதுவே குழாயில் தாராகப் படிந்து ஒருநாள் தானே பற்றிக்கொள்ளவும் செய்யும்.

சீமைக்கருவேலத்தை மணிக்கட்டு பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கி, ஆனி ஆடிக் காற்றுக்கு விட்டுவிடுங்கள். அந்தக் காற்று மேற்கே மழையைக் கொட்டிவிட்டு இங்கே வறண்டு வருவதால் விறகு காய இதைவிட நல்ல காலம் இல்லை. ஐப்பசி மழைக்கு முன் கூரைக்குள் ஏற்றிவிட வேண்டும். காய்ந்த துண்டின் முனையில் வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். காவோலையும் தென்னமட்டையும் பற்றவைக்க நல்லது, நிற்காது. சிரட்டை கடுஞ்சூடு, நாலைந்துக்கு மேல் ஒரே நேரத்தில் போடவேண்டாம். கதம்பை, அதாவது தேங்காய் உரித்த மட்டை, கனன்றுகொண்டே கிடந்து புகையும், பாய்லருக்குத் தோதில்லை.

பாய்லரில் பெரிய தவறு பிளம்பர் செய்வது. பழைய பாய்லரில் புனல் வழியாகப் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் அது அடிக்குப் போய், மேலே நிற்கும் வெந்நீரை வாய் வழியாகத் தள்ளும். அந்த வாய் எப்போதும் திறந்தே இருக்கும். இப்போது மாடித்தொட்டி லைனை நேராகக் கொடுத்து, வெந்நீர் பக்கம் டேப் போட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே தண்ணீர் விரியும், ஆவி சேரும். போக வழியில்லாவிட்டால் பாய்லர் வெடிக்கும். தொட்டியின் தண்ணீர் மட்டத்தைத் தாண்டி உயர்கிற ஒரு திறந்த குழாய் கட்டாயம் வேண்டும், அதில் வால்வு கூடாது. இன்னொன்று, தண்ணீர் இல்லாமல் ஒருபோதும் பற்றவைக்கக்கூடாது. உள்ளே பூசிய வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், பற்றுவைத்த இடமும் விட்டுப்போகும்.

மரப்பொடி அடுப்பையும், நெல்மில் பக்கத்தில் உமி அடுப்பையும் "புகையே வராது" என்று புகழ்வார்கள். இறுக்கிக் குத்தினால் வராது. நடுவில் ஒரு கட்டை, அடிப்பக்கவாட்டில் ஒரு கட்டை, இரண்டும் அடியில் முட்டும்படி வைத்து, காய்ந்த பொடியைக் கொஞ்சங் கொஞ்சமாகப் போட்டு இடித்து நிரப்பவேண்டும். பிறகு கட்டைகளைத் திருகி உருவிவிட்டு, கீழ்த்துளையில் பற்றவைக்கலாம். தளர்வாக இருந்தால் துளை இடிந்து மூடிக்கொள்ளும், பிறகு புகைதான்.

கரண்ட்

"கீசர் போட்டா பில்லு எகிறிரும்" என்பதை எண்ணிப்பார்ப்போம். நாலு பேர், ஆளுக்கு ஒரு வாளி, அறுபது நாள்: 72 யூனிட். சேதாரம் சேர்த்து 80 என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் இது பயப்படவேண்டிய எண் இல்லை. ஏற்கெனவே ஏசி ஓடி 500-ஐ நெருங்குகிற வீட்டுக்குத்தான் கவலை. அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படி விலையும் சேர்ந்தே ஏறும்.

சேமிப்பு வகைக் கீசரில் 15 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற 0.6 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். 2 கிலோவாட் என்றால் பதினேழு நிமிஷம். பச்சைத்தண்ணீர் கலந்தால் இரண்டு வாளிக்குச் சற்றுக் குறைவாக வரும். அணைத்து அணைத்துப் போட்டால் அதிகம் இழுக்கும் என்பது பொய். போட்டே வைத்திருந்தால்தான் ஆறுகிற சூட்டுக்கெல்லாம் காசு கட்டுகிறீர்கள்.

இன்ஸ்டன்ட் கீசரை "சூடே வராது" என்று ஒதுக்குவது ஊட்டிக்காரர் பேச்சு. 3 கிலோவாட் கீசர் நிமிஷத்துக்கு 3 லிட்டர் விட்டால் 14 டிகிரி ஏற்றும். 27-ல் தொடங்கினால் 41. நம் ஊருக்கு அது சரியான அளவு. ஷவர் கனவு வேண்டாம், வாளிக்குப் போதும். ஆனால் வோல்டேஜ் 180-க்கு இறங்குகிற கிராமத்தில் அதே கீசர் 1.8 கிலோவாட் மட்டுமே தரும், ஏற்றம் 9 டிகிரிக்குள் நின்றுவிடும். அங்கே சேமிப்பு வகையே மேல், தாமதமானாலும் சூடாகும். இரண்டுக்கும் 16 ஆம்பியர் பிளக், எர்த், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வேண்டும். சின்ன பிளக்கில் 13 ஆம்பியரை ஓட்டினால் முதலில் பிளக் உருகும்.

ஹீட்டர் கம்பி கரண்ட் தின்னும் என்பதும் தவறு, அது இழுப்பதெல்லாம் தண்ணீருக்கே போகிறது. 1500 வாட் கம்பி ஒரு வாளியைப் பன்னிரண்டு நிமிஷத்தில் தயார்செய்யும். அதை வேண்டாமென்பதற்குக் காரணம் ஷாக். இரும்பு, எவர்சில்வர் வாளி கூடாது. கம்பி முங்கிய பிறகு சுவிட்ச், பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை. வீட்டில் குழந்தை இருந்தால் வாங்காதீர்கள்.

கேஸ்

செலவில் கேஸ் கீசர் கெட்டிக்காரன்: வாளிக்குச் சுமார் 30 கிராம், 14.2 கிலோ சிலிண்டரில் 450 வாளிக்கு மேல். மாடித்தொட்டி குளியலறைக்கு நேர் மேலே தாழ்வாக இருந்தால் மட்டும் தண்ணீர் அழுத்தம் போதாமல் சில மாடல் பற்றவே பற்றாது.

"லீக் ஆனா நாத்தம் வந்திரும், தெரிஞ்சிரும்" என்று தைரியமாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாற்றம் எரியாத கேஸுக்காகச் சேர்த்தது. மூடிய அறையில் காற்று குறைந்து எரியும்போது உண்டாகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலை வலிக்கும், கிறுகிறுக்கும், கதவைத் திறக்கப் போவதற்குள் விழுந்துவிடுவார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தாலும், உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் அது வெறுமனே சுற்றும். கீசரை வெளிச்சுவரில் மாட்டி வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவது ஒன்றே சரி.

இதே விஷயம் கரிச்சட்டிக்கும் பொருந்தும். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஆகாதென்று கதவைச் சாத்தி அறைக்குள் கங்கு வைப்பார்கள். புகையில்லை, ஆகவே ஆபத்தில்லை என்ற நினைப்பு. புகையில்லாத கங்குதான் கார்பன் மோனாக்சைடை அதிகம் விடுவது.

சோலார்

வெயிலுக்குக் குறைவில்லாத ஊர், ஆகவே சோலார்தான் என்று தோன்றும். சித்திரையில் அது கொதிக்கக் கொதிக்கத் தரும், கேட்பார் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும்போது கைவிடும். மார்கழிப் பிற்பகுதியும் தையும் நன்றாக உழைக்கும். அந்தச் சில வாரத்துக்காக முதலீடு என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். குழாய் தூரமும் உண்டு: முக்கால் இஞ்சுக் குழாயில் 15 மீட்டருக்குச் சுமார் நாலரை லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும், தினமும் அதை விட்ட பிறகுதான் சூடு வரும். மாட்டுவதானால் முகம் தெற்கே. நம் ஊர் அட்சரேகை 8.7 டிகிரிதான் என்றாலும், குளிர்காலச் சூரியனுக்காக 20 டிகிரி வரை சாய்க்கலாம். கண்ணாடிக்குழாய் வகையில் உச்சிவெயிலில் காலியாகக் காய்ந்த குழாய்க்குள் தண்ணீர் விட்டால் சடாரென்று விரிசல் விடும்; விடியலில் நிரப்புங்கள்.

உப்புத்தண்ணி

தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீட்டில் எதை வாங்கினாலும் உழைக்கும். ராதாபுரம், வள்ளியூர், திசையன்விளை பக்கம் போர் தண்ணீர் என்றால் கதை வேறு. "செம்புல உப்பு பிடிக்காது" என்பார்கள், அதிலும் பிடிக்கும். ஆனால் பாய்லரின் வாய் அகலம், எலுமிச்சையோ புளியோ கரைத்து ஊறவைத்துச் சுரண்டிவிடலாம். இன்ஸ்டன்ட் கீசரின் சின்னத் தொட்டியில் கம்பியைச் சுற்றி உப்பு கல்லாகி, சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பி எரிந்துபோகும். சேமிப்பு வகையில் தெர்மோஸ்டாட்டை 50-க்கு இறக்கினால் படிவது குறையும். உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பியை ஆண்டுக்கொருமுறை திறந்து பாருங்கள், கரைந்து மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். தொட்டி ஓட்டையாகாமல் காப்பது அதுதான். கீசர் சூடாகும்போது கடகடவென்று சத்தம் வந்தால் உப்பு கட்டிவிட்டது என்று பொருள். சிட்ரிக் அமிலம் விட்டுக் கழுவச் சொல்லுங்கள்.