கன்சர்வேட்டரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராக ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ் போதுமா?

பியானோவை முதன்மைக் கருவியாக எடுத்து கன்சர்வேட்டரியில் (மேற்கத்திய இசைக் கல்லூரியில்) சேர நினைப்பவர்கள் தினமும் மூன்று நான்கு மணி நேரமாவது வாசித்தாக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு நேரத்தில் அக்கூஸ்டிக் பியானோ வாசிக்க முடியாது. கடலோர ஊர்களில் ஈரக்காற்றில் ஃபெல்ட் ஊறிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், சுருதியும் நிற்காது. அதனால் பலரும் கடைசியில் வந்து நிற்பது ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ் என்ற டிஜிட்டல் பியானோவிடம். விரல் பயிற்சிக்கு இது அருமையான கருவி. தொனிக்கும் பெடலுக்கும் இதை மட்டும் நம்பக் கூடாது.

இதன் பலம் பிஎச்ஏ-4 கட்டை அமைப்பு. ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று சென்சார்கள் இருப்பதால், அழுத்திய கட்டை முழுக்க மேலே வருவதற்கு முன்பே அதே சுரத்தை மறுபடி எழுப்பலாம். கிராண்ட் பியானோவுக்கு இந்த வசதியைத் தந்தது பியானோ தயாரிப்பாளர் எரார் 1821-இல் காப்புரிமை பெற்ற இரட்டை எஸ்கேப்மென்ட் என்ற பொறியமைப்பு. இசையமைப்பாளர் ஸ்கார்லாட்டியின் கே. 141 சொனாட்டாவில் ஒரே சுரத்தை விரல் மாற்றி மாற்றித் தட்டும் பகுதியை இதில் நம்பிச் சாதகம் செய்யலாம்.

பலவீனமும் அங்கேயேதான். கட்டை சாயும் அச்சு கிராண்டில் போல வெகு பின்னால் இல்லை. டி ஃபிளாட் மேஜர் கார்டைப் பியானிசிமோவில் (மிக மென்மையாக) வாசித்துப் பாருங்கள். கறுப்புக் கட்டைகளுக்காகக் கை உள்ளே போவதால், எஃப் கட்டையையும் உள்பக்கமாகவே அழுத்த வேண்டிவரும். அங்கே அது கனக்கும். ஒன்று, சுரம் விழாமல் போகும். இல்லையென்றால் திடீரென்று உரக்க வரும். கை சரியில்லை என்று நினைத்து மணிக்கட்டை இறுக்கிக்கொள்ளாதீர்கள், கோளாறு கருவியில்தான்.

அழுத்தத்துக்கு ஏற்ற சத்தத்தை மாற்றும் கீ டச் அமைப்பை மீடியத்திலேயே விடுங்கள். ஹெவி வைத்தால் விரல் பலம் கூடும் என்று சிலர் சொல்வது தவறு. கட்டையின் எடை மாறாது. அதே அழுத்தத்துக்குச் சத்தம்தான் குறையும். ஓங்கி அடிக்கும் பழக்கம் அப்படித்தான் வருகிறது.

பெடலில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண ஸ்விட்ச் பெடலில் இருப்பது ஆன், ஆஃப் இரண்டே நிலை. அரைப் பெடல் (பெடலைப் பாதி மட்டும் அழுத்துவது) வேண்டுமென்றால் ரோலண்டின் டிபி-10 பெடலை வாங்கி, அதிலுள்ள பொத்தானைக் கன்டினியூவஸ் பக்கம் தள்ளி வையுங்கள். அப்போதும் இசையமைப்பாளர் டெபுஸியின் படைப்புகளில் ஏமாற்றம்தான். அக்கூஸ்டிக் பியானோவில், ஒலியை அடக்கும் டாம்பரின் ஃபெல்ட் கம்பியை மெல்லத் தொடும்போது பழைய ஹார்மனி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைக் காதால் அளந்து காலால் சரிசெய்ய வேண்டும். அந்த அளவு நுணுக்கம் இதில் கிடைக்காது.

நுழைவுத் தேர்வில் பெரும்பாலும் கேட்பது ஒரு பாக் பிரெல்யூடும் ஃபியூகும், ஒரு கிளாசிக்கல் சொனாட்டா, ஒரு எட்யூட் (நுட்பப் பயிற்சிக்கான படைப்பு), பிற்காலப் படைப்பு ஒன்று. பாக்கை இதிலேயே முழுசாகத் தயார் செய்யலாம். ஹெட்போனில் குரல்கள் (ஒரே நேரத்தில் ஓடும் மெட்டு வரிகள்) தெளிவாகப் பிரிந்து கேட்கும். சொனாட்டாவும் எட்யூடும் விரலில் ஏறும்வரை இது போதும். அதன் பிறகு வாரம் இரண்டு முறையாவது கிராண்டில் உட்காருங்கள், தேர்வு நெருங்கும் மாதத்தில் இன்னும் அதிகமாக. தேர்வு அறையில் இருக்கப்போவது கிராண்ட்தான். அதன் சத்தம் அறையில் எப்படிப் பரவுகிறது என்று கேட்டுப் பழகாதவர்கள் இடது கையை மிகையாக வாசித்துவிடுவார்கள்.

எக்ஸ் வடிவத் தாங்கி வேண்டாம். கருவியின் எடை 14.8 கிலோ, ஃபோர்ட்டிசிமோ (மிக உரக்க) வாசிக்கும்போது ஆடும். ரோலண்டின் மரத்தாங்கி எடுத்தால் மூன்று பெடல் அலகையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சத்தத்தைக் குறைத்தாலும் கட்டை தட்டும் 'தொம்' ஓசை கீழ்வீட்டுக்கு இறங்கும், தாங்கிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். ப்ளூடூத் இருக்கிறதே என்று வயர்லெஸ் ஹெட்போன் வாங்கிவிட வேண்டாம். கைப்பேசியின் பாட்டைப் பியானோவின் ஸ்பீக்கரில் கேட்கவும் செயலிகளோடு இணைக்கவும்தான் அது உதவும். முன்பக்கம் இரண்டு ஹெட்போன் துளைகள் உண்டு, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே கேட்கலாம்.