பேட் மாற்றிய பிறகு வந்த கீச் சத்தம்: 18,000 கிலோமீட்டர் ஓட்டிய அனுபவம்

என் காரில் முன்சக்கர பிரேக் பேட் மாற்றி ஒன்றரை வருஷம் ஆகிறது, 18,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இப்போது சத்தமே இல்லை. ஆனால் முதல் மூன்று மாதம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மாற்றிய மறுநாளே லேசாகக் கீச்சென்றது. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; அதைப் பேட் அழுத்தித்தான் வண்டி நிற்கிறது. புதுப் பேடும் பழைய டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும் என்று தெரியும். விடியற்காலையில் ஆளில்லாத பைபாஸில் 60-இல் போய், 15 வரை நிதானமாகப் பிரேக் பிடித்து, நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, இப்படிப் பத்துத் தடவை செய்தேன். அப்புறம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட்டேன். சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது.

மிச்சம்தான் குழப்பியது. சிக்னலில் வண்டி நிற்கப்போகும் கடைசிப் பத்தடியில் இடது முன்சக்கரத்தில் கீச். ரிவர்ஸ் எடுத்து, பிறகு முன்னால் நகர்ந்து பிரேக்கைத் தொட்டால் ஒரு ‘டக்’. பேட் போட்ட இடத்தில் கேட்டேன். “புதுசுன்னா அப்படித்தான் சார், போகப்போகச் சரியாயிடும்” என்றார்கள். நம்பிக் காத்திருந்தது என் தப்பு.

ஒருநாள் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கியதும் கருகல் வாடை. வலது சக்கரத்தைவிட இடதில் அனல் அதிகம். மறுநாளே தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன்.

பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம் காலிப்பர். அது நகர்ந்து கொடுக்க இரண்டு பின்கள் (வழுக்கும் கம்பிகள்) உண்டு. மேல் பின் விரலால் தள்ளியதும் வழுக்கி வந்தது. கீழ்ப் பின்னைத் திருகித் திருகித்தான் எடுக்க முடிந்தது. அதன் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, கிரீஸ் துருவோடு கலந்து பழுப்புக் களிம்பாக ஒட்டியிருந்தது. காலிப்பர் சரியாக நகராததால் உள்பக்கப் பேட் வெளிப்பக்கத்தைவிட 2 மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. பேட் உட்காரும் கிளிப்களும் பழசு, பிடிப்பே இல்லை. ‘டக்’ அதனால்தான். “பேடை மட்டும் மாத்தியிருக்காங்க தம்பி, மத்ததைத் தொடவே இல்ல” என்றார்.

புதுப் பின், உறை, கிளிப் போட்டு, சிலிகான் கிரீஸ் தடவினார். சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும், கவனமாக இருங்கள்.

சத்தம் வந்தால், எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். பிரேக் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே மாதிரி கரகரத்தால், டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகடு வளைந்திருக்கலாம், கல் சிக்கியிருக்கலாம். இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் என்றால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

போன மாதம் கழற்றிப் பார்த்தோம். கீழ்ப் பின் விரல் பட்டதும் நகர்ந்தது. அந்த 2 மில்லிமீட்டர் வித்தியாசம் அதற்குமேல் ஏறவில்லை.