பாரெண்ட்ரெக்டும் தொமாகொமாயும்: ஊராரை எப்போது கேட்பது?

நெதர்லாந்தின் பாரெண்ட்ரெக்ட், ராட்டர்டாமுக்குப் பக்கத்து ஊர். பெர்னிஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கரியமில வாயு காற்றில் கலந்து புவியைச் சூடாக்காமல் இருக்க, அதைப் பிடித்து, அந்த ஊருக்கு அடியில் எரிவாயு தீர்ந்துபோன படுகைகளில் செலுத்த ஷெல் நிறுவனம் திட்டமிட்டது. இடம், முறை, நிறுவனம் எல்லாம் முடிவான பிறகே மக்களுக்கு விளக்கக் கூட்டங்கள் நடந்தன. வீட்டு மதிப்பு என்னவாகும், கசிந்தால் யார் பொறுப்பு என்று அவர்கள் கேட்டது முற்றிலும் நியாயம். அதை அறியாமை என்று ஒதுக்கியவர்கள்மீது எனக்குக் கோபமே வருகிறது. 2009இல் அரசு ஒப்புதல் தந்தும் எதிர்ப்பு தணியவில்லை. 2010 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

ஜப்பானின் தொமாகொமாயில் 2016 முதல் 2019 வரை 3 லட்சம் டன் கரியமில வாயு இதேபோல் கடலடிப் பாறைக்குள் செலுத்தப்பட்டது. நகராட்சியும் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் தொடக்கத்திலிருந்தே பேச்சில் இருந்தன. கண்காணிப்புத் தரவுகளை நகர மண்டபத்திலேயே திரையில் பார்க்க முடிந்தது. 2018 செப்டம்பரில் தொமாகொமாய் இருக்கும் ஹொக்கைடோ தீவை நிலநடுக்கம் உலுக்கியபோது இந்த வெளிப்படைத்தன்மை பெரிதும் உதவியது. கசிவு இல்லை என்பதை நிபுணர்கள் ஆராய்ந்து அறிவித்தார்கள்.

ஒன்று வீடுகளுக்கு அடியில், மற்றது கடலுக்கு அடியில். இந்த வேறுபாடு சிறியதல்ல. ஆனாலும் என் தேர்வு தொமாகொமாய் வழிதான். அதிலும் ஒரு குறை உண்டு: அங்கே மக்கள் தரவைப் பார்த்தார்கள், எதை அளக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும்.