இணைப்புக்காரர் வைத்துவிட்டுப் போகும் வைஃபை அமைப்புகளை நம்ப வேண்டாம்

புதிதாக ஃபைபர் இணைப்பு வாங்குகிறவர்களுக்காகவும், வாங்கிய நாள் முதல் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தே பார்க்காதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எங்கள் பகுதியில் இணைய இணைப்புக் கொடுக்கும் ஒரு நிறுவனம், நிறுவல் கட்டணத்தோடு ‘வைஃபை பாதுகாப்பு அமைப்பு’ என்று ரசீதில் தனியாக ஒரு வரி சேர்த்துப் பணம் வாங்கியது. அந்தப் பணத்துக்கு அவர்கள் செய்துவைத்ததைப் பார்த்தால், ஒன்றும் செய்யாமல் போயிருந்தால்கூட இதைவிட மோசமாக இருந்திருக்காது என்றே சொல்வேன்.

நாங்கள் வாங்கியது 100 எம்பிபிஎஸ் திட்டம். மடிக்கணினியைக் கம்பி வழியாக இணைத்தால் அந்த வேகம் முழுவதும் கிடைத்தது. வைஃபையில் மட்டும் அது 20-ஐத் தாண்டவில்லை. அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் கேட்டபோது, “வீட்டில் ஆட்கள் அதிகம், பெரிய திட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்” என்றார்கள். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. பாதுகாப்பு முறை என்ற இடத்தில் பழைய டபிள்யூபிஏ-வும் டிகேஐபி குறியாக்கமும் (தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) வைக்கப்பட்டிருந்தன. டபிள்யூஇபி என்ற முதல் பூட்டு 2001-இலேயே உடைந்துபோனதால், அதே பழைய கருவிகளில் ஓடும்படி 2003-இல் கொண்டுவந்த தற்காலிக ஏற்பாடுதான் டிகேஐபி. 2004-இல் அதைவிட வலுவான ஏஇஎஸ் குறியாக்கத்தோடு டபிள்யூபிஏ2 வந்தது; 2006 முதல் 2020 வரை வைஃபை சான்று பெற்ற எந்தப் புதிய கருவியிலும் அது கட்டாயமாக இருந்தது. மேலும், டிகேஐபி-யை மட்டும் வைத்தால் 802.11என் என்ற வைஃபை தரத்தின் கூடுதல் வேகம் கிடைக்காது. இணைப்பு பழைய 54 எம்பிபிஎஸ் வரம்புக்குள் அடங்கி, கைக்கு வருவது அதில் பாதிகூட இருக்காது. ஆகவே, அவர்கள் சொன்ன பெரிய திட்டத்துக்கு மாறியிருந்தாலும் வேகம் கூடியிருக்காது, மாதக் கட்டணம்தான் கூடியிருக்கும். இதை நான் கவனக்குறைவாக மட்டும் எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

வைஃபை கடவுச்சொல்லாக எங்கள் கைபேசி எண்ணையே வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது அந்த நிறுவனத்தின் இணைப்பு உள்ள எல்லா வீடுகளிலும் அதே வழக்கம்தான். பால்காரர் முதல் கூரியர் கொண்டுவருபவர் வரை எல்லாரிடமும் இருக்கும் எண் அது. எண்ணை அறியாதவருக்கும் இது பெரிய தடையில்லை. கைபேசி ரவுட்டரோடு இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தைப் பதிவுசெய்துகொண்டு போய், வேறோர் இடத்தில் உட்கார்ந்து எண்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க முடியும். அப்போது ரவுட்டருக்கு எதுவும் தெரியாது. இந்தியக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையான இலக்கங்களில் தொடங்குவதால், மொத்தச் சாத்தியங்கள் 400 கோடிதான். நல்ல கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றுக்கு அது சில மணி நேர வேலை. 2021-இல் டெல் அவிவ் நகரில் ஓர் ஆய்வாளர் 5,000 வைஃபை இணைப்புகளின் தகவலைத் திரட்டி, அவற்றில் சுமார் 70 விழுக்காட்டின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தார். அங்கும் பலர் கைபேசி எண்ணையே வைத்திருந்ததுதான் முக்கியக் காரணம்.

இதோடு, பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்கப் பின் எண்ணைக் கொடுத்தோ இணைய உதவும் டபிள்யூபிஎஸ் வசதியும் திறந்தே கிடந்தது. அந்த எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாலும், அதிகம் போனால் 11,000 முயற்சிகளில் பிடித்துவிடலாம் என்பது 2011-இலேயே வெளிவந்துவிட்டது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லோ அடிப்பக்க ஒட்டுத்தாளில் அச்சிட்டிருந்த அதே பொதுச் சொல்.

புகார் சொன்னதற்குக் கிடைத்த பதில், “எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் சார் வைக்கிறோம், மாற்ற வேண்டுமானால் ஆள் வந்துபோக தனிக் கட்டணம்” என்பது. வாங்கிய தொகையைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை.

பக்கத்து வீட்டார் கொஞ்சம் இணையம் பயன்படுத்தினால் என்ன என்று நினைக்கிறவர்கள் 2008-ஐ நினைத்துப்பாருங்கள். அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு முன் அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒருவரின் பூட்டப்படாத வைஃபை வழியாகப் போனது. குற்றத்தில் தொடர்பில்லாத அவரைத்தான் காவல்துறை முதலில் தேடி வந்தது.

எனவே இணைப்புக் கொடுக்க வரும் ஆள் வீட்டில் இருக்கும்போதே அமைப்புப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். டபிள்யூபிஏ2-க்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், பழைய கருவிகள் இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2-வும் 3-உம் கலந்த முறையையும், அதுவும் இல்லையென்றால் ஏஇஎஸ் மட்டும் கொண்ட டபிள்யூபிஏ2-வையும் தேர்ந்தெடுங்கள். டபிள்யூபிஎஸ்-ஐ அணைத்துவிடுங்கள். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமான கடவுச்சொல்லை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்; 63 எழுத்துகள் வரை இடமுண்டு. இணைப்பின் பெயரை மறைத்துவைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், உங்கள் கைபேசி இணையும்போதே அந்தப் பெயர் காற்றில் வெளிப்பட்டுவிடும். நிர்வாகக் கடவுச்சொல்லைத் தர மறுத்தால் ரவுட்டரை ரீசெட் செய்து நீங்களே அமைக்கலாம். ஆனால் இணைப்புக்கான பயனர் பெயரையும் அதன் கடவுச்சொல்லையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ரீசெட் செய்தால் அவையும் அழிந்து, மறுபடியும் அதே ஆளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.