நான்கு சனிக்கிழமைகளில் புரட்சிக் கழகங்கள்: ஒரு வகுப்பின் மதிப்புரை

திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அருகிலுள்ள வாசிகசாலை ஒன்றின் மேல்மாடியில், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அரசியல் கழகங்களைப் பற்றி நான்கு சனிக்கிழமை மாலைகளில் நடந்த வகுப்புக்குப் போய்வந்தேன். நான்கு நாளுக்கும் சேர்த்துக் கட்டணம் 1,500 ரூபாய்; பிளேன்ரீயும் அதற்குள் அடக்கம். பள்ளிக்கூடத்தில் ரொபெஸ்பியர், டாண்டன் என்று பெயர்களை மனப்பாடம் செய்து, பரீட்சையோடு மறந்துவிட்டவர்களுக்கு இது கொடுத்த காசுக்கு மேலான வகுப்பு.

நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பாஸ்டில் சிறையையும் கில்லட்டினையும் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டுச் சந்தாப் பணத்தில் தொடங்கினார். 1789இல் வெர்சாயில் கூடிய பிரதிநிதிகளின் சிறு குழு, பாரிசுக்கு இடம்மாறி, ஜக்கோபின் என்று மக்கள் அழைத்த துறவிகளின் மடத்தில் கூடத் தொடங்கியதால் ஜக்கோபின் கழகம் ஆயிற்று. அதில் சேர அக்காலப் பிரெஞ்சுப் பணத்தில் 12 லிவர், பிறகு ஆண்டுக்கு 24 லிவர். 1790இல் உருவான கொர்டெலியே கழகத்திலோ மாதம் 2 சூ என்ற சில்லறைக் காசு கொடுத்தால் போதும். ஒரு லிவருக்கு 20 சூ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, ஆண்டுக் கணக்கை எங்களையே போடச் சொன்னார். என் கொப்பியில் ஒரு பக்கம் 24 லிவர், மறுபக்கம் 24 சூ என்று வந்தது; ஒன்று வசதியுள்ளவர்களின் கழகம், மற்றது எளியவர்களும் சேரக்கூடிய கழகம். தப்பியோடிப் பிடிபட்ட மன்னர் பதினாறாம் லூயியை ஏற்க மறுத்த கொர்டெலியேக்களின் மனுவில் கையொப்பமிட 1791 ஜூலை 17இல் பாரிசின் ஷான் த மார்ஸ் திடலில் கூடியவர்கள் ஏன் சுடப்பட்டார்கள், ஜக்கோபின் மிதவாதிகள் அதே மாதத்தில் ஏன் பிரிந்துபோனார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கைப் போட்ட பிறகே எனக்கு விளங்கின.

மூன்றாம் சனிக்கிழமைதான் மனத்தை வருத்தியது. போலின் லியோனும் கிளேர் லாக்கோம்பும் 1793 மே மாதத்தில் தொடங்கிய புரட்சிகரக் குடியரசுப் பெண்கள் சங்கத்துக்குக் கடைசிப் பத்து நிமிடமே கிடைத்தது. “அந்தச் சங்கம் எவ்வளவு காலம் இருந்தது, சேர்?” என்று முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கேட்டாள். “அஞ்சு மாசந்தான், பிள்ளை” என்றார் அவர். ஒக்டோபர் 30இல் தேசியப் பேரவை பெண்களின் கழகங்கள் அனைத்தையும் தடைசெய்தது. அந்தத் தடைக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று அவள் அடுத்துக் கேட்டபோது நேரம் முடிந்துவிட்டது. வகுப்பில் பாதிப் பேர் பெண்களாக இருக்கும்போது இது சிறிய குறையல்ல. கொடுத்த போட்டோக்கொப்பியில் பாரிஸ் வரைபடம் கறுத்துப்போய் இருந்ததையும், மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குப் பேச்சுக் கேளாததையும் எளிதில் சரிசெய்துவிடலாம்.

கடைசி வகுப்பு நம் ஊருக்கே வந்து சேர்ந்தது. ஒல்லாந்து நகரங்களில் வாசிப்புச் சங்கங்கள் என்ற பெயரில் புரட்சி ஆதரவாளர்கள் கூடியதையும், பிரெஞ்சுப் படை நுழைந்தபோது 1795 ஜனவரியில் ஒல்லாந்தின் ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடியதையும், ஒல்லாந்தரின் குடியேற்றங்களைப் பிரித்தானியரிடம் விடுமாறு அவர் அங்கிருந்து கடிதம் எழுதியதையும், அந்தக் கடிதம் இருந்தும் முற்றுகையிட்டே அவ்வாண்டு ஆகஸ்டில் ஒல்லாந்தர் வசமிருந்த திருகோணமலைக் கோட்டையைப் பிரித்தானியர் பிடித்ததையும் ஒரே இழையில் சொன்னார். கோணேசர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நான் கடக்கும் பிரெட்ரிக் கோட்டை வாசல்தான் அது.

அடுத்த தொடருக்குப் பெயர் பதிகிறார்கள். பெண்கள் சங்கத்துக்கு ஒரு முழுச் சனிக்கிழமை ஒதுக்குமாறு பதிவுப் படிவத்தின் கீழே எழுதிக் கொடுத்திருக்கிறேன்; சேர்பவர்களும் அதையே கேட்டு எழுதுங்கள்.